சைக்கிள்காரி பதில்கள்

(பெரம்பூரில் வீடு, எழும்பூரில் கணக்கு எழுதும் வேலை, நடுவில் சைக்கிள். சென்னை சாலைகளில் சைக்கிள் ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் சைக்கிள்காரி இந்த இதழிலும் பதில் எழுதுகிறார்.)

மாதத்தில் மூன்று தடவையாவது பின்சக்கரம் பஞ்சர் ஆகிறது. டயர் புதுசு. கடைக்காரர் "டியூப்ப மாத்திடுங்க சார்" என்றார், மாற்றியும் பார்த்துவிட்டேன். அப்படியும் நிற்கவில்லை. என்னதான் செய்வது?
— வாசகர், கொளத்தூர்

டியூப்பை மாற்றும் முன் ஓட்டை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? கடையில் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், ஒட்டுவார்கள், டயருக்குள் தள்ளிக் காற்றடித்துக் கொடுப்பார்கள். ஏன் விழுந்தது என்று ஆராய அவர்களுக்கு ஏது நேரம்? அது நம் வேலை.

டயரைத் தொடும் பக்கம் ஓட்டை என்றால் வெளியிலிருந்து ஏதோ குத்தியிருக்கிறது. ரிம்மைத் தொடும் பக்கம் என்றால், ஸ்போக் கம்பியின் முனை ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனைகளை மூடியிருக்கும் பட்டை, அதாவது ரிம் டேப், நகர்ந்திருக்கும், இல்லையென்றால் இற்றுப்போயிருக்கும். பழைய டியூப்பை நீளவாக்கில் கத்தரித்து ரிம்மைச் சுற்றிப் போட்டாலே சரியாகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கியபோது டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டினாலும் நிற்காது. அப்போதுதான் புது டியூப்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் கம்பி மேல். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் தலைமுடி கனத்தில் ரோட்டில் கிடக்கும். அதில் ஒன்று உங்கள் டயருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால், எத்தனை டியூப் மாற்றினாலும் ஒவ்வொன்றையும் குத்தும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சட்டென்று தட்டுப்படாது. கொஞ்சம் பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ டயரின் உள்பக்கம் வைத்து ஒரு சுற்றுத் தேய்த்து வாருங்கள். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே கம்பி இருக்கிறது. நகவெட்டியாலேயே பிடித்து இழுத்துவிடலாம். டியூப்பைக் கழற்றுவதற்கு முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுவிட்டால் தேடுவது இன்னும் சுலபம். ஓட்டை கிடைத்ததும் டியூப்பை டயர் மேல் வைத்துப் பார்த்தால், குத்திய இடம் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி: நீங்கள் ரோட்டில் எந்த இடத்தில் ஓட்டுகிறீர்கள்? ஓரமாக, ஓரத்திலும் ஓரமாக என்றால் பஞ்சர் உங்களைத் தேடி வருவதாகச் சொல்லக் கூடாது. நீங்கள்தான் அதைத் தேடிப் போகிறீர்கள். தார் ரோட்டின் நடு கொஞ்சம் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்கும், தண்ணீர் வடிவதற்காக. மழைத் தண்ணீரோடு கண்ணாடிச் சில்லு, ஆணி, மணல் எல்லாம் ஓரத்துக்கு வந்து சேரும். போகிற வண்டிகளின் சக்கரங்களும் நடுவிலிருப்பதை ஓரத்துக்குத்தான் விசிறும். ஆகவே கார், ஆட்டோவின் இடது சக்கரம் ஓடி ஓடிச் சுத்தமாகிக் கிடக்கும் தடத்தில் ஓட்டுங்கள். ரோட்டின் விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உள்ளே. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பார்க்காமல் உரசிக்கொண்டு போகிறவரைவிட அவர் தேவலை.

பஞ்சர் கடைகள் எல்லாம் டியூப்லெஸ் பைக், கார் என்று மாறிவிட்டன. சைக்கிளைக் கண்டாலே "இன்னைக்கு முடியாது" என்கிறார்கள். நானே ஒட்டிக்கொள்ள முடியுமா? நான் இதுவரை ஸ்பேனர் பிடித்ததே இல்லை.
— கல்லூரி மாணவி, தாம்பரம்

தாராளமாக முடியும் தங்கச்சி. ஸ்பேனர் பிடிக்கக்கூட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம், நம் ஊர் மெக்கானிக்குகள் அப்படித்தான் ஒட்டுகிறார்கள்.

எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் கடை போட்டிருக்கிறார். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், கிளையில் அடையாளத்துக்கு மாட்டிய பழைய டயர், அவ்வளவுதான். அவர் செய்வதைப் பார்த்துத்தான் நான் கற்றேன். சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, வால்வு நட்டைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு லீவரால் நெம்பி ரிம்முக்கு வெளியே கொண்டுவருவார். வால்வை உள்ளே தள்ளி டியூப்பை உருவுவார். பிறகு நன்றாக உப்பும்வரை காற்றடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வருவார். குமிழ் வரும் இடத்தில் கட்டைவிரலை வைத்தபடியே வெளியே எடுத்துத் துடைத்து, பேனாவால் ஒரு வட்டம். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்த மாட்டார், முழுச் சுற்றும் பார்ப்பார். இரண்டாவது ஓட்டை இருந்து, அதைப் பார்க்காமல் மூடிவிட்டால் எல்லா வேலையும் திரும்பச் செய்ய வேண்டுமே.

காற்றை இறக்கிவிட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். டியூப்பின் மினுமினுப்பு போய் சாம்பல் படிந்த கறுப்பாக மாற வேண்டும். பேட்ச் அளவைவிடக் கொஞ்சம் அகலமாகவே தேயுங்கள். அதன் மேல் சொல்யூஷனை (பஞ்சர் ஒட்டும் பசை) மெல்லிசாகத் தடவ வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்சை அப்பிவிட்டு, மறுநாள் "ஒட்டவே இல்லை" என்பார்கள். பெரியவர் சொல்யூஷன் தடவியதும் டியூப்பை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பீடி பற்றவைப்பார். பீடி பாதிக்கு மேல் கரைந்த பிறகுதான் பேட்ச் கைக்கு வரும். (சொல்யூஷன் தீப்பிடிக்கிற சமாச்சாரம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பார். நீங்கள் பீடி இல்லாமலேயே ஐந்து நிமிடம் காத்திருங்கள்.) புறங்கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது. அப்போது பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, லீவரின் பிடியால் நாலு தட்டு. மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிய்க்க வேண்டாம், அதோடு சேர்ந்து பேட்சும் எழுந்து வரும். கொஞ்சம் முகப்பவுடர் தூவிவிட்டால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

திரும்பப் போடும்போது டியூப்பில் லேசாகக் காற்று இருக்கட்டும். டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஏற்ற ஆரம்பித்து வால்வுக்கு வந்து முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். லீவரை எடுக்காதீர்கள், லீவரும் ரிம்மும் சேர்ந்து டியூப்பைக் கிள்ளிவிடும். இரண்டு கட்டைவிரலால் தள்ளினால் ஏறிவிடும். காற்றடிப்பதற்கு முன் சுற்றிலும் பார்த்து, டியூப் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் தடவை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, பழைய டியூப்பை வைத்துப் பழகுங்கள். ஜிஎஸ்டி ரோட்டோரத்தில் வேர்த்து விறுவிறுத்துக் கற்றுக்கொள்ளும் வேலையல்ல இது.

இரவு காற்றடித்து வைத்தால் காலையில் இறங்கிவிடுகிறது. கடையில் தண்ணீரில் போட்டுப் பார்த்து பஞ்சர் இல்லை என்கிறார்கள். பழைய மாடல் சைக்கிள்.
— வாசகர், வண்ணாரப்பேட்டை

வால்டியூப். பழைய மாடல் வால்வில் ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும், அது வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் விரலால் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் அதுதான். சில்லறைக் காசு சமாச்சாரம். பத்துத் துண்டு வாங்கிப் பையில் போட்டுவையுங்கள், வண்ணாரப்பேட்டையிலேயே கிடைக்கும்.

எங்கள் ஏரியாவில் சைக்கிள் பாதை என்று கோடு போட்டு, சைக்கிள் படமும் வரைந்தார்கள். இப்போது அதில் பைக்குகளும் கார்களும் நிற்கின்றன. தள்ளுவண்டிக் கடையும் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ரோட்டில் போனால், "அதான் தனிப்பாதை இருக்கே" என்று திட்டுகிறார்கள். கோபமாக வருகிறது அக்கா.
— வாசகர், மேற்கு மாம்பலம்

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் தள்ளுவண்டிக்காரர் மேல் அதைக் காட்டாதீர்கள். காலியாக ஒரு இடம் கிடந்தால் சென்னையில் அது காலியாகவே இருக்காது. வெறும் பெயின்ட்டை நம்பிப் போட்ட பாதைக்கு வேறென்ன கதி?

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. நடப்பவர்களுக்குக் கொஞ்சம் நடந்தது. பல சாலைகளில் நடைபாதை அகலமானது, 2019-இல் பாண்டி பஜார் முகம் மாறியது. நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் படம்தான்.

ஒரு பாதை உருப்படியா இல்லையா என்று நான் பார்ப்பது இதைத்தான். ரோட்டைவிட அது கொஞ்சமாவது உயரமா, அல்லது நடுவில் தடுப்பு இருக்கிறதா? தண்ணீர் கேன் ஏற்றிய மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) முன்னால் போனால் அதைத் தாண்டிப் போக அகலம் உண்டா? இரண்டு மீட்டராவது இல்லையென்றால் முடியாது. நுழைவாயிலில் கம்பம் நட்டிருப்பார்கள், கார் வராது. ஆனால் பைக்கின் ஹேண்டில்பாரும் நம் ஹேண்டில்பாரும் ஏறக்குறைய ஒரே அகலம், ஆகவே பைக் ஜோராக வரும். பைக்கைத் தடுக்க ஆள்தான் வேண்டும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்றும் பாருங்கள். நாம் போகிற திசையிலேயே நீளமாக இருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். குறுக்கே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சந்திப்பில் பாதை என்ன ஆகிறது என்பது. நேர்ரோட்டில் பாதுகாப்பாகக் கூட்டிக்கொண்டு வந்து, சிக்னலுக்கு முப்பது அடி முன்னால் நம்மை பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இறக்கிவிட்டுக் காணாமல் போகும் பாதைகள்தான் அதிகம். சைக்கிளில் போகிறவர் பயப்படுவதே சந்திப்பில்தான், இடது பக்கம் திரும்பும் வண்டிக்குத்தான். அங்கே பாதை இல்லாவிட்டால் மற்ற இடத்தில் இருந்து என்ன பயன்?

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? அந்தப் பாதையில் வண்டிகள் நின்றால் அதற்குள் போகாதீர்கள். நிற்கிற வண்டிகளுக்கு நடுவே இடம் கிடைக்கும்போது உள்ளே நுழைவதும் மறுபடி வெளியே வருவதுமாக ஓட்டுவது இன்னும் ஆபத்து. பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீர் திடீரென்று முளைப்பீர்கள். தூரத்திலேயே திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, ஒரே நேர்கோட்டில் வெளியே வந்துவிடுங்கள். நிற்கும் காரிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள். திட்டுகிறவரிடம் ஒன்று சொல்லலாம்: நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்பது 1989-இன் சாலை விதிகளிலேயே இருந்தது, அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-இன் விதிகளிலும் இருக்கிறது. சிக்னல் விழுவதற்குள் சொல்லி முடிக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

மாநகராட்சியின் 1913-க்குப் புகார் சொல்லும்போது "சைக்கிள் பாதையில் ஆக்கிரமிப்பு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தெருவிளக்குக் கம்பத்தில் எண் இருக்கும். "இந்த எண் கம்பத்திலிருந்து இந்த எண் கம்பம் வரை, காலை இத்தனை மணிக்கு" என்று சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த வடிகால் மூடி மாதிரியான புகார் சீக்கிரம் கவனிக்கப்படும், பார்க்கிங் புகார் நகராது. ஆகவே மூடியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆபீஸில் "மேனேஜர் ஆகியும் சைக்கிளா?" என்று கிண்டல் செய்கிறார்கள். என்ன பதில் சொல்லலாம்?
— வாசகர், கிண்டி

கார் லோனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று விசாரியுங்கள். அக்கறையாக.

என் அம்மாவுக்கு 48 வயது. சைக்கிள் ஓட்ட ஆசை, ஆனால் வெட்கப்படுகிறார். இந்த வயதில் கற்க முடியுமா?
— வாசகி, ஆவடி

நான் கீரனூர்ப் பக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணை. விவசாயக் கூலிகள், கல்குவாரி வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பார் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, பின்னால் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு போவார். அந்தக் கம்பி வசதியை லேடீஸ் சைக்கிள் தராது என்று இன்றும் சொல்வார். வெட்கம் அவருக்கும் இருந்தது, பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்து கற்க வந்த அன்றோடு போயிற்று. உங்கள் அம்மாவுக்கும் ஒரு கூட்டாளி பிடித்துக் கொடுங்கள்.

முறை சுலபம். இரண்டு பெடலையும் கடையில் கழற்றித் தரச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். காலால் உந்தி உந்திப் போகட்டும். காலைத் தூக்கிக்கொண்டு பத்தடி போக வந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது, பெடலை மாட்டலாம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்கும், அவருக்கு பயம்தான் கூடும். புடவை, துப்பட்டா என்றால் முழுச் செயின் கவரும் பின்சக்கரத்துக்கு வலையும் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

மகனுக்கு வாங்கிய சைக்கிளின் டயர் தேய்ந்துவிட்டது. "26 இன்ச்" என்று சொல்லி வாங்கி வந்தேன், மாட்டவே முடியவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், அம்பத்தூர்

ஏமாற்றவில்லை. 26 இன்ச்சில் இரண்டு ஜாதி உண்டு. சாதா சைக்கிளுக்கு வருவது 26 × 1⅜. தடித்த டயர் சைக்கிளுக்கு 26 × 1.95 அல்லது 26 × 2.10. இரண்டும் 26 என்றாலும் ரிம் அளவு வேறு. டயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் பொடியாக அச்சிட்டிருக்கும், முதல் ஜாதிக்கு 590 என்றும் இரண்டாவதற்கு 559 என்றும் முடியும். அது மில்லிமீட்டர் கணக்கு. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்தை எந்த மெக்கானிக்காலும் இழுத்து மாட்ட முடியாது. இனிமேல் பழைய டயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

மழைக்காலத்தில் ஓட்டலாமா? இரவில் தெருவிளக்கு வெளிச்சம் போதாதா? ஹெல்மெட் கட்டாயமா?
— வாசகர், வேளச்சேரி

தூறலில் ஓட்டலாம். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் மூடி திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் ஓரம் வேண்டாம், வடிகால் அங்கேதான் இருக்கிறது. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். மழை விட்ட முதல் சில நாட்களில் பஞ்சர் கூடும். ஓரத்துக் குப்பையெல்லாம் புதுசாக இடம் மாறியிருக்கும், ஈர ரப்பரைக் கண்ணாடி சுலபமாகக் கிழிக்கும்.

விளக்கு நீங்கள் ரோட்டைப் பார்ப்பதற்காக மட்டுமில்லை, மற்றவர் உங்களைப் பார்ப்பதற்கும்தான். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வையுங்கள். ஒருகாலத்தில் நம் ஊர்களில் சைக்கிளுக்கு வரி கட்டி, அதற்கு அடையாளமாகப் பில்லை மாட்ட வேண்டும், விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பில்லை போனது சந்தோஷம்தான், அதோடு, சக்கரம் சுற்றச் சுற்ற விளக்கை எரியவைக்கும் டைனமோவும் போனதில்தான் எனக்கு வருத்தம். ஹெல்மெட் சட்டப்படி சைக்கிளுக்குக் கட்டாயமில்லை. நான் போடுகிறேன். ஹெல்மெட்டா பின்விளக்கா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் விளக்கை வாங்குங்கள்.

பெட்ரோல் பங்கில் சைக்கிளுக்குக் காற்றடிக்கலாமா?
— வாசகர், போரூர்

உங்கள் வால்வு பைக் வால்வு மாதிரி தடிமனாக இருந்தால் அடிக்கலாம். பழைய மாடல் வால்வுக்கு அந்தக் குழாய் பொருந்தாது. சைக்கிள் டியூப் சின்னது, அந்த மெஷின் வேகத்துக்குச் சட்டென்று நிரம்பி வெடித்துவிடும். ஒரு நொடி விட்டு, அமுக்கிப் பார்த்து, மறுபடி ஒரு நொடி என்று அடிக்கச் சொல்லுங்கள். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்தக் கணக்கு) வரை போகலாம் என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். காலால் மிதித்துப் பிடித்து அடிக்கும் கைப்பம்ப் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வாரம் ஒருமுறை சனிக்கிழமை இரவு அடித்துவிடுங்கள், கொளத்தூர் வாசகருக்குச் சொன்ன அந்த இரட்டைக் கீறல் பஞ்சர் உங்களுக்கு வராது.